எம்.சி. பீங்கானும் நல்லூர் நடராசனும்

“தொப்பிதான் தடங்கல், தம்பி,” என்றார் நாட்டுப்புறப் பிரிவின் நடுவர் காத்தவராயன்.

பாரி தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். தலையில் தொப்பி இல்லை. அது நடுவர் கையிலிருந்த செல்போனுக்குள் இருந்தது. கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் நிலக்கடலை விளையும் ஒரு மல்லாட்டைக் கொல்லை, கொல்லையில் ஒரு காளை, காளைக்குப் பக்கத்தில் பாரி, பாரியின் தலையில் அகலமான ஒரு தொப்பி. துபாயில் வேலை செய்யும் அண்ணனிடம் சொல்லி நண்பன் ரயீஸ் வரவழைத்துக் கொடுத்தது. வீடியோவில் பாரி வாயைத் திறப்பதற்குள் நடுவர் நிறுத்திவிட்டார்.

“ஐயா, பாட்டு இன்னும் ஆரம்பிக்கவே இல்லீங்க. தொப்பிய தூக்கி ஒரு சிரிப்பு சிரிப்பேன். அப்புறம்தான் பாட்டு.”

“பாட்டை ஏன் கேட்க வேண்டும்? எனக்குக் கண் இருக்கிறது. கொல்லையில் நிற்பவன் தலையில் முண்டாசு இருக்க வேண்டும். தொப்பி வைத்தவன் கொல்லையில் நின்றால் அவன் நிலம் அளக்க வந்தவன்.”

காத்தவராயன் பேசுவதே மேடைப் பேச்சு மாதிரிதான் இருக்கும். வேட்டி, துண்டு, அடர்ந்த மீசை. அது இருக்கிறதா என்று பார்ப்பதுபோல அடிக்கடி தடவிக்கொள்வார். பன்னை டீயில் முக்கி, சொட்டுவதற்குள் வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்: “மேலும், உன் நிறம்.”

“மாநிறங்க.”

“அதுதான் குறை. உழவன் என்றால் வெயிலில் வெந்த கறுப்பு வேண்டும். உன்னைப் பார்த்தால் ஃபேனுக்கு அடியில் வேலை செய்கிறவன் போல இருக்கிறாய்.”

பாரி ஃபேனுக்கு அடியில்தான் வேலை செய்தான். மாநிறம் என்பதும், பெண் பார்க்கும் இடங்களில் கறுப்புக்குக் கொடுக்கப்படும் மரியாதைப் பெயர்தான். அந்த மரியாதை இங்கே எடுபடவில்லை.

“இதை எடுத்துக்கொண்டு மேற்கத்தியப் பிரிவுக்குப் போ. ரேயான் என்று ஒரு அரைவேக்காடு வெள்ளிக்கிழமைகளில் வருவான். அவனுக்குத்தான் தொப்பியெல்லாம் பிடிக்கும்.”

விருத்தாசலத்தில் உரக்கடை ஒன்றுக்கு மேல், ஒற்றை அறையில் இயங்கிய கேபிள் சேனல் மணிமுத்தா. அந்த வருடம் பாட்டுப் போட்டி வைத்திருந்தார்கள். நாட்டுப்புறம், மேற்கத்தியம் என்று இரண்டு பிரிவு. ஜெயிக்கிறவருடைய பாட்டை முழுசாக ஒளிபரப்புவார்களாம். அந்த ‘முழுசாக’தான் பாரியை மாடிப்படி ஏற வைத்தது.

ஏனென்றால் பாரியின் பாட்டை இதுவரை யாரும் முழுசாகக் கேட்டதில்லை. வேலை செய்யும் பீங்கான் பொம்மைக் கம்பெனியில் இரண்டு வரி கேட்டுவிட்டு “செமடா” என்று டீ குடிக்கப் போய்விடுவார்கள். கல்யாண வீட்டில் மைக்கைப் பிடித்தால், வெள்ளை நிற கார் வழியை மறிக்கிறது என்று அறிவிக்க யாராவது பிடுங்கிக்கொள்வார்கள்.

அவன் பாடுவது நாட்டு ராப். பெயர் அவனே வைத்தது. செல்போனில் ஒருநாள் அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அகலத் தொப்பி, குதிரை, வைக்கோல் கட்டு, நடுவே ஒரு கறுப்பு மனிதர் பண்ணைப் பாட்டை ராப்பாகப் பாடினார். பாட்டு பிடித்தது. அதற்குக் கீழே நடந்த சண்டை இன்னும் பிடித்தது. இது பண்ணைப் பாட்டே இல்லை என்று ஒரு கட்சி, இது ராப்பே இல்லை என்று இன்னொரு கட்சி, அந்தத் தொப்பியைப் போட இந்தத் தோலுக்கு என்ன உரிமை என்று மூன்றாவது கட்சி. பாரியின் ஆங்கிலத்துக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் சண்டை என்னவோ நம்மூர்ச் சண்டை போலத்தான் இருந்தது. அன்றைக்கே பம்பை மேளச் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டு எழுத உட்கார்ந்துவிட்டான்.

மல்லாட்ட போட்டேன், மழையக் காணோம்.
மழை வந்துச்சு, மல்லாட்டயக் காணோம்.
ரெண்டும் வந்துச்சு, வெலையக் காணோம்.
வெல வந்தப்ப, என்னையே காணோம்!

வாழ்க்கையில் ஒரு மல்லாட்டைகூட அவன் விதைத்ததில்லை. பஸ் ஸ்டாண்டில் வேகவைத்து விற்பதைத் தின்றதோடு சரி.

வெள்ளிக்கிழமை வந்தது. அதே மாடி, அதே அறை, அதே நாற்காலி. அதில் இப்போது எம்.சி. ரேயான் உட்கார்ந்திருந்தார். மழுமழு முகம், கறுப்புக் கண்ணாடி, பின்பக்கமாகத் திருப்பிப் போட்ட கேப். அவரும் பன்னை டீயில் முக்கினார். விருத்தாசலத்தில் டீக்கு வேறு துணை ஏது என்று பாரி நினைத்துக்கொண்டான்.

வீடியோ ஓடத் தொடங்கியது. நின்றது.

“ப்ரோ, மாடு ப்ரோ!”

“ஆமாங்க சார். காளை.”

“ராப்புல மாடு வரக் கூடாது. கார் வரலாம். நாய் வரலாம், அதுவும் ஃபாரின் நாய். மாடு வந்தா அது ஃபோக்கு. செவ்வாக்கெழம ஒரு பழைய பஞ்சாங்கம் வருவாரு, அவருட்ட குடுங்க.”

“அவருதான் சார் உங்கள்ட்ட அனுப்புனாரு. பாட்ட மட்டும் ஒருக்கா கேட்டுட்டீங்கன்னா...”

“பாட்டு எதுக்கு ப்ரோ? விஷுவலே சொல்லிடுச்சே. அப்புறம், தப்பா எடுத்துக்காதீங்க, கலரு கொஞ்சம் தூக்கணும். ஒரு இன்டர்நேஷனல் லுக்கு.”

பாரிக்கு இது விளங்கவில்லை. “சார், ராப்பே கறுப்பு ஜனங்க பாட்டுதானே?”

ரேயான் பரிதாபமாகச் சிரித்தார். “அது அமெரிக்கக் கறுப்பு ப்ரோ. அது ஸ்டைலு. உங்களுது விருத்தாசலம் கறுப்பு. இது வெறும் வெயிலு.”

ஒருவருக்கு அவன் கறுப்பு போதவில்லை. இன்னொருவருக்கு அதிகம். இரண்டு பேருக்கும் நடுவில் அவன் பாட்டு மாடிப்படியிலேயே நின்றது.

வீட்டில் மனைவி மதிவதனி செல்போனில் பேசிக்கொண்டிருந்தாள். மறுமுனையில் அவள் அண்ணன் வளவன். குஜராத்தில் மோர்பி என்ற ஊரில் டைல்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசர். விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் படித்தவர்களில் பாதிப் பேர் அங்கேதான் இருக்கிறார்கள்.

“அண்ணன் வேல சொல்லி வெச்சிருக்குதாம். மாசக் கடேசி திங்கக்கெழம ரயிலு. போட்டில தேறலன்னா கெளம்பிட வேண்டியதுதான்,” என்றாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. இருவருக்கும் ஒரே பொம்மைக் கம்பெனியில்தான் வேலை. அவள் கண் வரைவாள், அவன் வண்ணம் பூசுவான். போன மாதம் ராப்பை முணுமுணுத்தபடியே ஒரு கூடை குழந்தைக் கிருஷ்ணர்களுக்கு மீசை வரைந்துவிட்டான். முதலாளி அவளைக் கூப்பிட்டுத்தான் திட்டினார்.

“அங்க போயிப் பாடுங்களேன். ஒருத்தனுக்கும் தமிழ் புரியாது, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டான்.”

அதுதான் பாரிக்குப் பயம். திட்டுவதற்குக்கூட ஆள் இல்லாத ஊரில் பாடுவதற்குப் பதில் வாயைத் தைத்துக்கொள்ளலாம். அன்றிரவு அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

யோசனை சொன்னவன் ரயீஸ். அச்சு வார்க்கும் பிரிவில் வேலை செய்கிறவன். எதையும் இரண்டு துண்டாக வார்த்துப் பிறகு ஒட்டுவதுதான் அவன் தொழில்.

“மச்சான், பாட்டு ஒண்ணுதான், ஆள ரெண்டா புளந்துடு. ஒண்ணுல மாடு, முண்டாசு, கறுப்பு மூஞ்சி. இன்னொண்ணுல தொப்பி, கண்ணாடி, வெள்ள மூஞ்சி. ரெண்டு பேரு, ரெண்டு வீடியோ. ஆளுக்கு ஒண்ணா குடுத்துடுவோம். எது தேறுனாலும் பாட்டு உன்னுதுதானே?”

“கண்டுபுடிச்சுட்டா?”

“அவனுங்க உன் பாட்டயே கேக்கல. உன்னயா பாத்துருக்கப் போறானுங்க?”

இது ஆறுதலா அவமானமா என்று பாரி யோசித்து முடிப்பதற்குள் ரயீஸ் பெயர்களையும் வைத்துவிட்டான். கறுப்பு ஆள் நல்லூர் நடராசன். வெள்ளை ஆள் எம்.சி. பீங்கான்.

ஒப்பனைக்கு மதிவதனிதான் வந்தாள். “திங்கக்கெழம வரைக்கும்தான்,” என்று சொல்லிக்கொண்டே பிரஷ்ஷை எடுத்தாள். கம்பெனியில் ‘தோல் கலர்’ என்று ஒரு டப்பா உண்டு. கலந்து வைத்த ரோஸ் நிறம். அங்கே வேலை செய்யும் யாருடைய தோலும் அந்த நிறத்தில் கிடையாது. அதைப் பற்றி இதுவரை யாரும் கேட்டதும் கிடையாது. அந்த டப்பாவைத் தள்ளிவைத்துவிட்டு, பொம்மைச் செட்டியாருக்குக் கோட்டு அடிக்கும் கருங்காவியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து அவன் முகத்தில் பூசினாள்.

கொல்லைக்காரர் பாவாடை காளையைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஆள் நல்ல சிவப்பு. ஜீன்ஸ் பேண்ட். டிராக்டரில் ஏதோ இங்கிலீஷ் ராப் அலறிக்கொண்டிருந்தது.

“என்னா பாரி, சைலன்ஸர்ல மூஞ்ச வெச்சிட்டியா?”

“விவசாயி வேஷம்ண்ணே.”

“அப்ப நானு?”

“நீங்க ஃப்ரேம்ல வந்துடாதீங்கண்ணே,” என்றான் ரயீஸ். “பாத்தா விவசாயி மாதிரியே இல்ல.”

முப்பது வருடமாக உழுகிற பாவாடை, டிராக்டருக்குப் பின்னால் போய் மறைவாக உட்கார்ந்துகொண்டார். காளை மட்டும் நடராசனின் கன்னத்தை ஒருமுறை நக்கிப் பார்த்துவிட்டு, எண்ணெய் ருசி பிடித்துப்போய், படப்பிடிப்பு முடியும் வரை அவனை விடவில்லை. ஒரு பக்கம் மூன்று தடவை பூச வேண்டியதாயிற்று.

வெள்ளை ஆளுக்கு ரயில்வே ஜங்ஷன் மேம்பாலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். முகத்துக்கு, பொம்மை வார்க்க அச்சில் ஊற்றும் வெள்ளைக் களிமண் கரைசல். பூசி முடித்ததும் பாரி நிஜமாகவே வெளிநாட்டுக்காரன் மாதிரி இருந்தான், எந்த நாடு என்றுதான் தெரியவில்லை. வெயிலில் போய் நின்று “யோ” என்றான். கன்னத்தில் படக்கென்று ஒரு கோடு விழுந்தது. இன்னொரு “யோ”வுக்கு நெற்றியிலிருந்து தாடை வரை வெடித்தது.

“பச்சப் பொம்மய வெயில்ல காய வெச்சா வெடிக்காதா?” என்று மதிவதனி தலையில் அடித்துக்கொண்டாள். “இத்தன வருஷம் கம்பெனில என்னத்த கத்துக்கிட்டீங்க?”

வெடிப்பை அடைக்கக் கொஞ்சம் கோந்து கலந்தான் ரயீஸ். வெடிப்பு நின்றது. கூடவே வாயும் நின்றது. உதட்டைப் பிரிக்க முடியாமல், கண்ணாடியும் தொப்பியுமாகக் கையை மட்டும் ஆட்டிக்கொண்டு பாரி பாட்டை முடித்தான். குரலைப் பிறகு சேர்த்துக்கொண்டார்கள். வீட்டுக்குப் போனதும் மதிவதனி வெந்நீரும் தேங்காய் நாருமாக அவனை மீட்டெடுத்தாள்.

இரண்டு வீடியோவும் தேர்வாகிவிட்டன.

‘மண்ணின் மைந்தன்’ என்று நடராசனைப் பற்றி எழுதினார் காத்தவராயன். ‘அந்த கிராக் எஃபெக்ட், உதடே அசையாத கெத்து!’ என்று பீங்கானைப் பற்றி எழுதினார் ரேயான். பாட்டைப் பற்றி இருவருமே ஒன்றும் எழுதவில்லை.

சேனலின் இணையப் பக்கத்தில் ஊரே கூடிவிட்டது. கம்பெனியில் வார்ப்புப் பிரிவு மொத்தமும் பீங்கான் கட்சி. பேக்கிங் பிரிவு நடராசன் கட்சி. சாப்பாட்டு நேரத்தில் தூக்குவாளியைத் திறக்காமல் சண்டை போட்டார்கள்.

“பீங்கான் நம்மாளே இல்லப்பா. வடக்கத்தியான். உதட்டப் பாத்தியா, தமிழுக்கு அசையவே மாட்டேங்குது,” என்றது பேக்கிங்.

“உங்க நடராசன் மட்டும் யாராம்? நல்லூர்ல எங்க மாமனார் வூடு இருக்குது. அப்படி ஒரு ஆளே கெடையாதாம்,” என்றது வார்ப்பு.

“நல்லூர்ல எந்தத் தெரு?” என்று ஒரு குரல் கேட்டது.

நம்மூரில் எந்த ஊர் என்று கேட்டால் ஊர் மட்டும்தான் தெரியும். எந்தத் தெரு என்று கேட்டால்தான் கேட்பவருக்கு வேண்டியது தெரியும். இணையத்திலும் இரண்டு மூன்று தெருக்காரர்கள் நடராசனை எங்கள் பிள்ளை என்று போஸ்டர் போட்டார்கள். நிறத்தை வைத்து இன்னொரு கூட்டம் அதை மறுத்தது. பீங்கானின் வெள்ளையைப் பார்த்து அவனுக்கும் ஒரு கூட்டம் உரிமை கொண்டாடியது. பாரியாகப் பிறந்த நாளிலிருந்து பாரியை யாரும் இப்படிப் பங்குக்குக் கேட்டதில்லை.

“நீ யாரு பக்கம் பாரி?” என்றார்கள்.

வார்ப்புப் பிரிவில் இருக்கும்போது நடராசனைத் திட்டினான். பேக்கிங்குக்குப் போகும்போது பீங்கானைத் திட்டினான். இரண்டு தடவையும் கொஞ்சம் மனப்பூர்வமாகவே திட்டினான் என்பதை ராத்திரி படுக்கும்போது நினைத்து அவனுக்கே வெட்கமாக இருந்தது.

கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான் இரண்டு பாட்டையும் காது கொடுத்துக் கேட்டுத் தொலைத்துவிட்டான். ‘ரெண்டும் ஒரே பாட்டுய்யா! திருட்டு!’ என்று எழுதினான்.

அன்று மாலையே நடராசனின் நம்பராகக் கொடுத்திருந்த போன் அடித்தது.

“தம்பி, நான் காத்தவராயன். உன் பாட்டை அந்தப் பீங்கான் பயல் திருடிவிட்டான். விடமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை இறுதிச் சுற்று, கல்யாண மண்டபத்தில். நேருக்கு நேர் வந்து அவன் முகத்திரையைக் கிழித்துவிடு.”

போனை வைத்து ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. பீங்கானின் நம்பராக ரயீஸ் கொடுத்திருந்த இன்னொரு போன் அடித்தது.

“ப்ரோ, ரேயான். உங்க ட்ராக்க அந்த நடராசன் சுட்டுட்டான். சண்டே ஃபேஸ் டு ஃபேஸ். ரெண்டு பேர்ல யாரு வரலியோ அவன்தான் திருடன். ரெண்டு பேரும் வரலன்னா பாட்டே கேன்சல்.”

பாரி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். தன் பாட்டைத் தானே திருடிவிட்ட குற்றத்துக்குத் தானே தன்மேல் சாட்சி சொல்ல வேண்டும். ஒருவனாகப் போனால் இன்னொருவன் திருடன். எவன் திருடனானாலும் பாட்டு திருட்டுப் பாட்டு. பிறகு அதை எந்தச் சேனல் போடும்?

“போவாம இருந்துடுங்க,” என்றாள் மதிவதனி. பெட்டியில் அவன் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“போவலன்னா பாட்டு செத்துடும் மதி.”

அவள் அடுக்குவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். பிறகு வண்ண டப்பாக்களை ஒரு பையில் எடுத்துவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபம் நிரம்பி வழிந்தது. கம்பெனி ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து பெண் வீடு, மாப்பிள்ளை வீடு மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால் மணமகள் அறையில் பாரியும் மதிவதனியும். பக்கத்து மணமகன் அறை நடுவர்களுக்கு. மண்டபத்து மோட்டார் எரிந்துபோயிருந்ததால் துப்புரவு வேலை செய்யும் பூவாயி, தெருக்குழாயிலிருந்து இரண்டு அறைக்கும் தண்ணீர் தூக்கினாள்.

“என்னா கல்யாணமோ!” என்று முனகினாள். “பொண்ணு ரூம்புலயும் மூஞ்சி கழுவுறாங்க, மாப்ள ரூம்புலயும் மூஞ்சி கழுவுறாங்க. தாலிதான் கட்ட மாட்டேங்கிறாங்க.”

முதலில் நடராசன் மேடையேறினான். காத்தவராயன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

“எங்கே அந்தத் திருடன்?”

“இங்கதாங்க எங்கனா பதுங்கி இருப்பான். நானே போயி இழுத்தாறேங்க!” என்று நடராசன் பின்பக்கம் ஓடினான்.

“நானும் போய் அந்த ரேயானைக் கையோடு கூட்டி வருகிறேன். இரண்டு நடுவரும் இருந்தால்தான் தீர்ப்பு!” என்று காத்தவராயனும் இறங்கிப் போனார்.

மணமகள் அறையில் எண்ணெய் கலந்த கருங்காவியைத் தேய்த்து எடுத்துவிட்டு மதிவதனி வெள்ளையை அப்பினாள். பீங்கான் மேடைக்கு வந்தபோது ரேயான் நாற்காலியில் இருந்தார். மூச்சு வாங்கியது. கழுத்தெல்லாம் ஈரம்.

“எங்க ப்ரோ அந்தப் பட்டிக்காட்டான்?”

கோந்து காயாத வாயால் பீங்கான் சொன்னான்: “நா... கூட்டியாறேன்.”

“வெய்ட், நானும் அந்தப் பஞ்சாங்கத்த இழுத்துட்டு வரேன்!”

தொகுப்பாளர் வேலையைக் கேட்டு வாங்கியிருந்த ரயீஸ்தான் மைக் பிடித்துக்கொண்டிருந்தான். “இதோ வர்றாங்க, அதோ வர்றாங்க,” என்று சொல்லிச் சொல்லி அவனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. மறுபடி நடராசன் வந்தான், காத்தவராயன் இருந்தார், ரேயானைக் காணோம். மறுபடி பீங்கான் வந்தான், ரேயான் இருந்தார், காத்தவராயனைக் காணோம். இரண்டு நடுவருக்கும் அப்படி என்ன ஆகாதோ, ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டேன் என்கிறார்களே என்று பாரிக்கு எரிச்சலாக வந்தது. அவர்கள் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்துவிட்டால்தான் தன் கதை முடிந்துவிடும் என்பதையும் மறந்துவிட்டான்.

மூன்றாவது முறை நடராசனாக மாறும்போது தண்ணீர் தீர்ந்துவிட்டது. முகத்தின் இடப்பக்கம் கருங்காவி ஏறியாகிவிட்டது. வலப்பக்கம் வெள்ளை, வெடிவெடியாக வெடித்து நின்றது. நடுவில் மூக்கு மட்டும் பாரியுடையது.

“பூவாயிக்கா, இன்னம் ஒரு வாளி!” என்று கத்தினாள் மதிவதனி.

“தெருக்கொழாயும் நின்னு போச்சும்மா. பக்கத்து ரூம்பு வாளில மிச்சம் மீதி இருந்தா கொண்டாறேன்.”

மேடையில் ஆள் இல்லாமல் கூட்டம் விசிலடித்தது. பாரி கண்ணாடியைப் பார்த்தான். ஒரு பக்கம் காத்தவராயனுக்குப் பிடித்தவன், ஒரு பக்கம் ரேயானுக்குப் பிடித்தவன். அவனுக்கு அழுகை வந்தது. அழுதால் இரண்டு நிறமும் கலந்துவிடும் என்று அடக்கினான்.

மதிவதனி முதலில் சிரித்துவிட்டாள். பிறகு தன் சேலைத் தலைப்பால் அவன் மூக்கைத் துடைத்தாள்.

“இத்தன பேருல ஒருத்தராவது உங்க பாட்ட கடேசி வரி வரைக்கும் கேட்டாங்களா?”

“நீ கேட்டியா?”

“நீங்கதான் தூக்கத்துல பாடுறீங்களே. கேக்காம எங்க போறது? அந்தக் கடேசி வரிதாங்க நல்லாருக்குது. ‘என்னையே காணோம்’ங்கிறது.” பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். “இப்படியே போங்க. ரெண்டு பேரும் நான்தான்னு சொல்லிட்டுப் பாடுங்க. ஏசுனா ஏசட்டும். நாளைக்கு எப்படியும் மோர்பிதானே, அங்க வந்தா ஏசப் போறானுங்க?”

பாரி எழுந்தான். ஒரு தோளில் துண்டு, தலையில் துபாய்த் தொப்பி, பாதி கறுப்பு, பாதி வெள்ளை. பல நாளுக்குப் பிறகு பாட்டு முழுசாக நினைவில் இருந்தது. இரண்டு நடுவர் காலிலும் விழுந்தாவது, கேட்டுவிட்டுத் திட்டுங்கள் என்று கெஞ்சிவிடுவதாக முடிவு செய்துகொண்டான்.

ரயீஸ் மூச்சிரைக்க உள்ளே ஓடிவந்தான். “மச்சான், ரெண்டு நடுவருமே மேடைல இல்ல. எங்க போனாங்கன்னே தெரியல. கூட்டம் நாற்காலிய தூக்குது!”

“கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்களா?” என்றான் பாரி. இனி கெஞ்சக்கூட ஆள் இல்லை.

அப்போது பூவாயி அரை வாளித் தண்ணீரோடு உள்ளே வந்தாள். வாளியைக் கீழே வைத்தாள். பாரியின் இரண்டு நிற முகத்தைப் பார்த்து அவள் திடுக்கிடவே இல்லை. தண்ணீருக்குள் கைவிட்டு, கறுப்பாக, மயிராக எதையோ எடுத்து உதறி, அவன் முன்னால் நீட்டினாள்.

“இந்தா தம்பி, தண்ணில மெதந்துச்சு, உன்னுது இல்லன்னா பக்கத்து ரூம்புல குடுத்துடு, அந்தக் கறுப்புக் கண்ணாடி நடுவரு வேட்டிய பாதி கட்டிக்கிட்டு, மீசையக் காணோம்னு ஒக்காந்து அழுவுறாரு.”